மூன்றாவது சுற்றில் வந்தவர்கள்

எங்கள் ஊரில் செத்தவர்கள் நோட்டீஸ் வாங்க வந்தது மூன்றாவது சுற்றில்தான். முதல் இரண்டு சுற்றிலும் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும், நான் நோட்டீஸ் அடிக்கிறவன், செத்தவர்களின் போக்குவரத்துக்கு நான் பொறுப்பில்லை. நெடுங்கரணைப்பட்டுக் கூட்டுரோட்டில் உரக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே ‘சம்மந்தம் ஆப்செட்’ என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே, அந்தச் சம்மந்தம் நான்தான். கல்யாணமானாலும் கருமாதியானாலும் கட்சியானாலும் என் மிஷினில்தான் ஓடியாக வேண்டும், பதினைந்து கிலோமீட்டருக்கு வேறு மிஷின் கிடையாது, அதனால் இந்த ஊரின் நல்லது கெட்டதில் எனக்குப் பங்கில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான், இப்போது சொல்வதில்லை.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எந்தக் கட்சியைப் போட்டாலும் பொருந்தும், நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். வேட்பாளர் பத்து வருஷமாக எங்கள் எம்.எல்.ஏ., மூன்றாவது தடவையாக நின்றார், மூன்று தடவையும் ஒரே நோட்டீஸ்தான்: மேலே கும்பிட்ட கையோடு அவர் படம், கீழே ஏழு வாக்குறுதி, அதில் நான்காவது, நெடுங்கரணைப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவர் இருப்பார், பாம்புக்கடி மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்பது. படத்தில் தலைமுடியைக் கொஞ்சம் கறுப்பாக்கச் சொன்னதைத் தவிர பத்து வருஷத்தில் அந்த நோட்டீஸில் ஒரு எழுத்து மாறவில்லை. மாற்ற என்ன இருக்கிறது, எதையாவது செய்து கிழித்திருந்தால்தானே அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வரி போடுவதற்கு.

இந்தத் தடவை தேர்தல் வேலையைப் பார்க்க மாவட்டத்திலிருந்து குணாளன் என்று ஒருவனை அனுப்பியிருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், வெயிலிலும் வெள்ளைச் சட்டை கசங்காது. நோட்டீஸ் கொடுப்பதற்கே அவனிடம் ஒரு சாஸ்திரம் இருந்தது, என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அதை எனக்குச் சொன்னான்.

“ஒரு வாட்டி குடுத்தா பஜ்ஜி மடிக்க எடுத்துக்குவான். ரெண்டு வாட்டி குடுத்தா மூஞ்சி ஞாபகம் இருக்கும். மூணு வாட்டி குடுத்தா நம்புவான். நாலாவது வாட்டி குடுத்தீங்கன்னு வெச்சிக்குங்க, அப்பதான் உக்காந்து படிப்பான். படிச்சா நமக்கு ஆபத்து. அதனால மூணு சுத்து, மூணே சுத்து.”

அதோடு இன்னொரு உத்தரவும் போட்டான். போன தேர்தலில் ஆட்கள் கட்டுக் கட்டாக நோட்டீஸைக் கிணற்றில் போட்டுவிட்டுக் கொடுத்தாயிற்று என்று புளுகிவிட்டார்களாம், அதனால் இனி வீட்டுக்கு ஒன்று கிடையாது, ஓட்டுக்கு ஒன்று, வாக்காளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வாசலாக நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அந்தப் பெயருக்குரிய கையிலேயே கொடுத்து, டிக் போட்டுக்கொண்டு வர வேண்டும். இந்த வேலைக்குப் பூங்காவனத்தைப் பிடித்தார்கள். நூறு நாள் வேலையில் பெயர் கூப்பிடுகிறவள் அவள், ஏரிக்கரையின் இந்த முனையில் கூப்பிட்டால் அந்த முனையில் மண்வெட்டி நிற்கும், அப்படித் தொண்டை. ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் சொன்னபடிதான் செய்வாள், பதில் வருகிறவரை வாசலை விட்டு நகர மாட்டாள்.

பட்டியலில் செத்தவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊரில் செத்தவர் பெயரை யாரும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டோம். ஃபாரம் எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்கள்தான், ஆனால் கொள்ளி வைத்த கையாலேயே பெயரையும் அடிக்கச் சொல்லி எழுதுவது இன்னொரு கொள்ளி வைப்பதுபோல எங்களுக்கு இருக்கும். கட்சிக்காரர்களும் ‘இருந்துட்டுப் போவட்டுமே, பேருதான’ என்று ஆறுதல் சொல்வார்கள், அந்த ஆறுதலின் அர்த்தம் ஓட்டுப் போடும் நாளன்று மதியம் மூன்று மணிக்குமேல் தெரியும். இப்படி எங்கள் பட்டியலில் முப்பத்தோரு பேர் செத்தும் சாகாமல் இருந்தார்கள்.

மூன்றாவது சுற்று பங்குனி வெயிலில் வந்தது. பூங்காவனம் மேட்டுத்தெருவில் ஒரு வாசலில் நின்று “சின்னப்பொண்ணு, கணவர் பெயர் ராயர், வயசு எழுவத்தொண்ணு” என்று கூப்பிட்டாள், உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மருமகள், ‘அவங்க இல்லன்னு ரெண்டு வாட்டி சொல்லியாச்சி’ என்று கத்த வாயெடுப்பதற்குள், மூன்று வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த சின்னப்பொண்ணு “தோ வரேன்” என்று வெளியே வந்து, கையை முந்தானையில் துடைத்து, நோட்டீஸை வாங்கி, எழுத்துத் தெரியாதவளாதலால் படத்தை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள், பார்த்து முடித்ததும் ஆளைக் காணோம், நோட்டீஸ் மட்டும் வாசலில் கிடந்தது. பூங்காவனம் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று முப்பத்தோரு பெயருக்கும் பதில் வந்தது, முப்பத்தோரு டிக்கும் விழுந்தது, சாயங்காலம் கட்சி ஆபீஸில் பட்டியலைக் கொடுத்துவிட்டு, “இன்னிக்கிதான் எல்லாரும் ஊட்ல இருந்தாங்க” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்க் கால் கழுவினாள்.

ஊர் பயந்ததா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பயப்பட என்ன இருக்கிறது, நம் வீட்டு ஆள் நம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு. சின்னப்பொண்ணின் மருமகளுக்கு வருத்தம் ஒன்றுதான், இத்தனை நாள் கழித்து வந்தவள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா. பூசாரியைக் கேட்டதற்கு, ராத்திரியில் வந்தால்தான் அது என் வேலை, பட்டப்பகலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தவர்களுக்கு நான் என்ன செய்ய, தாசில்தாரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டே நாளில் ஊருக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது: பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு நோட்டீஸ் கொடுத்தால் வருவார்கள், படித்து முடிக்கிறவரை நிற்பார்கள், தொடலாம், தலை வாரலாம், ஆனால் ‘தோ வரேன்’ என்பதையும் நோட்டீஸில் அச்சாகியிருப்பதையும் தவிர வேறு பேச்சு அவர்கள் வாயிலிருந்து வராது. வீட்டில் யாரும் சாகாதவர்கள் கொஞ்சம் ஏமாந்த முகத்தோடு திரிந்தார்கள்.

இப்போது நிவேதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழத்தெரு கடைசி வீட்டு அஞ்சலாட்சியின் ஒரே மகள், காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம், வயது இருபது. புருஷன் விட்டுப் போன பிறகு அஞ்சலாட்சி ஒற்றையாளாக மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுப் பெண்ணைப் படிக்க வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன், ஆவணி மாதம், கொல்லையில் அம்மாவும் பெண்ணும் மல்லாட்டைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் பெண்ணின் கணுக்காலில் பிடித்தது. அன்று ஊரில் வண்டி வைத்திருக்கிற ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை, எல்லாரும் வெளியே போயிருந்தோம், எங்கே போயிருந்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு அஞ்சலாட்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள், கிரில் கதவு பூட்டியிருந்தது, டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, வாட்ச்மேன்கூட இல்லை, அந்தப் படியிலேயே பெண் போய்விட்டது. அஞ்சலாட்சி கலெக்டர் வரைக்கும் மனுக் கொடுத்தாள், ‘விசாரணையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வந்தது, அதைப் படித்துச் சொல்லச் சொல்லி அவள் என் கடைக்குத்தான் வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெண் இருந்தவரை ரேஷன் கார்டிலிருந்து பஜ்ஜி மடித்த காகிதம் வரைக்கும் அவள்தான் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள்.

மூன்றாவது சுற்றில் பூங்காவனம் கூப்பிட்டதும் நிவேதாவும் வந்தாள், காலேஜுக்குப் போட்டுப் போகும் ஊதாச் சுடிதாரில் வந்தாள், நோட்டீஸை வாங்கிக்கொண்டு பழைய வழக்கப்படி அம்மா பக்கம் திரும்பி நின்று, தலைப்பிலிருந்து உரக்கப் படித்தாள், முதல் வாக்குறுதி படித்தாள், இரண்டு படித்தாள், மூன்று படித்தாள், ‘ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் மருத்துவர் இருப்பார், பாம்புக்கடி மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கும்’ என்று நான்காவதையும் அதே குரலில் படித்தாள், ஏழும் முடிந்து, சட்டத்துக்காக நான் பொடி எழுத்தில் போடுகிற ‘அச்சிட்டோர் சம்மந்தம் ஆப்செட், பிரதிகள் மூவாயிரம்’ என்பதையும் விடாமல் படித்தாள், பிறகு காணோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், அஞ்சலாட்சி அழவில்லையாம், அந்தக் காகிதத்தை எடுத்து அரிசிக்குள் வைத்தாளாம்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவள் ஷட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“அண்ணா, மறுபடியும் எப்ப நோட்டீஸு குடுப்பாங்க?”

“மூணு சுத்துதாம்மா. முடிஞ்சிப் போச்சி.”

“நாலாவது சுத்து இல்லியா?”

“நாலாவது குடுத்தா ஜனங்க படிச்சிடுவாங்களாம். அதனால இல்ல.”

அவள் மட்டுமில்லை, மதியத்துக்குள் முப்பது வீட்டு ஆட்களும் கட்சி ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிட்டார்கள். நோட்டீஸ் வேண்டும், இன்னும் நோட்டீஸ் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டு நிற்பதைக் குணாளன் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. தன் சாஸ்திரத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு நாலாவது சுற்றுக்குச் சரியென்றான். அன்று சாயங்காலம் நான் மிஷினில் பிளேட் மாட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலாட்சி மறுபடியும் வந்தாள்.

“அந்த நாலாவதை எடுத்துடுங்கண்ணா. எம்பொண்ணு வாயால அத என்னால கேக்க முடியல.”

“அது அவங்க குடுத்த மேட்டரும்மா. நான் எடுக்க முடியாது.”

“அப்ப ஒண்ணே ஒண்ணு சேத்துடுங்க. காலேஜு உட்டு வந்ததும் பையக் கழட்டறதுக்கு முன்னாடி ‘சாப்ட்டியா’ன்னு கேக்கும். அத ஒரு ஓரமா போட்டுடுங்க, யாருக்கும் தெரியாது.”

போட்டேன். அச்சக வரிக்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்சி நோட்டீஸில் நான் அடித்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

நாலாவது சுற்றில் முப்பத்தோரு வாசலிலும் முப்பத்தோரு பேரும் படித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி “சாப்ட்டியா” என்று கேட்டார்கள். எழுத்தே தெரியாத சின்னப்பொண்ணுகூட அந்த மூலையில் விரலை வைத்து மருமகளைப் பார்த்துக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நின்றார்கள். சாப்பிட்டேன் என்று சொன்ன வீட்டில் உடனே போய்விட்டார்கள், அழுதுகொண்டு பதில் சொல்ல மறந்த வீடுகளில் நின்றுகொண்டே இருந்தார்கள். இது தெரிந்ததும் அடுத்தடுத்த சுற்றுகளில் யாரும் பதிலே சொல்லவில்லை, நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி விசிறிவிட்டாள், ஒருவன் அப்பாவிடம் நிலத்தகராறையெல்லாம் சொல்லி முடித்தான். ஆனால் எவ்வளவு நேரம் நிற்க வைக்க முடியும்? அவர்கள் உட்கார மாட்டார்கள், நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொத்தனார் வரதன் தன் பெண்சாதியைச் சாயங்காலம் வரைக்கும் நிற்க வைத்தான், அவள் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறி நின்றதைப் பார்த்ததும் “சாப்ட்டேன் தாயீ, நீ போ” என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

குணாளனுக்கு விஷயம் தெரிந்ததும் ஓடிவந்தான். நோட்டீஸில் கை வைத்ததற்கு அடிக்கத்தான் வருகிறான் என்று நான் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“யாரோட யோசன இது?” என்றான். “எங்க ஆளுங்க பத்து வருஷமா யோசிச்சும் தோணல பாருங்க.”

அவன் அப்படிப்பட்டவன். பிணத்தைக் கண்டால் அதற்கு ஓட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். மறுநாளிலிருந்து நோட்டீஸ் எத்தனை தடவை என்பதை அவன் தெருத்தெருவாக ஏலம் விட்டான். சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்த தெருவுக்குத் தினமும், யோசித்துச் சொல்கிறோம் என்ற தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை, எதிர்க்கட்சிக் கொடி கட்டின தெருவுக்குக் கிடையாது. ஜனங்கள் என்ன செய்வார்கள், கட்டின கொடியைத் தாங்களே அவிழ்த்தார்கள், மேட்டுத்தெருக்காரர்கள் தங்களுக்கு ஒரு சுற்று குறைகிறது என்று கீழத்தெருவோடு மண்டையை உடைத்துக்கொண்டார்கள், நல்ல மனிதர்கள், செத்துப்போன தங்கள் தாய் தகப்பனை ஒரு தடவை கூடுதலாகப் பார்ப்பதற்காக அந்த வெள்ளைச் சட்டைக்காரனின் காலில் விழுந்தார்கள். நான் ராப்பகலாக அடித்துத் தள்ளினேன். பதினெட்டு நாளில் நிவேதா அந்த நான்காவது வாக்குறுதியைப் பதினாறு தடவை உரக்கப் படித்தாள். பதினாறு தடவையும் அஞ்சலாட்சி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், கடைசியில் வரும் ஒரு வார்த்தைக்காக.

ஓட்டுக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னால் பிரசாரத்தை நிறுத்தியாக வேண்டும், அதற்குப் பிறகு நோட்டீஸ் கிடையாது. கடைசி நாள் சாயங்காலம் வேட்பாளரே கீழத்தெருவுக்கு வந்து தன் கையால் நிவேதாவுக்கு நோட்டீஸ் கொடுப்பதாகவும், அவள் படிப்பதைப் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்புவதாகவும் குணாளன் ஏற்பாடு செய்தான். பாம்புக்கடியில் செத்த பெண்ணே பாம்புக்கடி மருந்து வாக்குறுதியைப் படித்தால் அதற்குமேல் எதிர்க்கட்சிக்காரன் என்ன பேச முடியும். முந்தின நாள் அஞ்சலாட்சி வீட்டுக்கே போய்ப் பேசினான்.

“நீங்க ஒண்ணும் பேச வாணாம்மா, பக்கத்துல நின்னா போதும். அந்த மனுவ வாபஸ் வாங்கிடுங்க. ஐயா ஜெயிச்சதும் நன்றி நோட்டீஸ், பொங்கல் வாழ்த்து, பொறந்தநாளுன்னு மாசம் ஒண்ணு அடிச்சிக்கிட்டே இருப்போம். அஞ்சு வருஷமும் உங்க பொண்ணப் பாக்கலாம்.”

“வாபஸ் வாங்கலன்னா?”

“கீழத்தெருவுக்கு நோட்டீஸ் எதுக்கும்மா அப்புறம்?”

அவன் போனதும் அவள் நேராக என் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், ஒரே ஒரு நோட்டீஸ் வேண்டும், மேலே அந்த ஆளின் படம் அப்படியே இருக்கட்டும், கீழே தான் சொல்வதைப் போட வேண்டும் என்று. அவள் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். இரண்டு தடவை அழித்து அடித்தேன்.

“மாசாமாசம் பாக்கலாம்னு சொல்றாங்களேம்மா,” என்றேன். “இத அடிச்சா இதுதான் கடைசி.”

“பாத்து? அவன் பொய்ய எம்பொண்ணு வாயால அறுவது வாட்டி கேக்கணுமா? செத்தும் அவனுக்கு நோட்டீஸு படிக்கணுமா அது?”

“சரி, கடைசியில ‘சாப்ட்டியா’வாவது போட்டுடறேன்.”

“வாணாண்ணா. அதப் போட்டா எனக்குக் கோவம் ஆறிடும்.”

பூங்காவனத்திடம் அந்த ஒற்றைக் காகிதத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். “நான் பேரக் கூப்புடறவ. எந்தக் காகிதத்த மேல வெக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலியே” என்று அதை வாங்கிக் கட்டின் மேலே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான்கு மணிக்கு வேட்பாளர் வந்தார். கீழத்தெரு கொள்ளாத கூட்டம், கைக்குக் கை போன். பூங்காவனம் ஊரே அதிரக் கூப்பிட்டாள், “நிவேதா, தாய் பெயர் அஞ்சலாட்சி, வயசு இருவது”. “தோ வரேன்” என்று அவள் வந்தாள். வேட்பாளர் கட்டின் மேலிருந்த நோட்டீஸை எடுத்தார், தன் படம் இருப்பதைப் பார்த்துக்கொண்டார், போன்களுக்கெல்லாம் முகம் தெரியும்படி சிரித்துக்கொண்டே அவள் கையில் கொடுத்தார். அவள் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டு படித்தாள்.

“என் பெயர் நிவேதா. ஆவணி மாதம் இருபதாம் தேதி புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு என்னைப் பாம்பு கடித்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா என்னை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். கதவு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்தோம். எனக்கு ஈறில் ரத்தம் வந்தது. அம்மா கல்லை எடுத்துப் பூட்டை அடித்தாள், உடையவில்லை. கால் வீங்கிக் கொலுசு இறுக்கியது, அம்மா பல்லால் கடித்து அதை எடுத்தாள். ஒன்றேமுக்கால் வரைக்கும் உயிரோடு இருந்தேன். ஒன்றேமுக்கால் வரைக்கும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அதோடு நிறுத்தி, அம்மா பக்கமிருந்து திரும்பி, வேட்பாளரை நிமிர்ந்து பார்த்துக் கடைசி வரியைப் படித்தாள்.

“ஐயா, கதவு ஏன் பூட்டியிருந்தது?”

படித்துவிட்டுப் பதிலுக்கு நின்றாள். வேட்பாளர் குணாளனைப் பார்த்தார், குணாளன் பூங்காவனத்தைப் பார்த்தான், பூங்காவனம் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். ‘அது வந்து பாப்பா, விசாரணைல இருக்கு’ என்றார் வேட்பாளர், அவள் நின்றாள். ‘ஜெயிச்சி வந்ததும் முதல் வேலையா’ என்றார், அவள் நின்றாள். ‘முந்தைய ஆட்சி’ என்று ஆரம்பித்துவிட்டு, பத்து வருஷமாகத் தானே எம்.எல்.ஏ. என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார். ஐந்து மணி ஆகிறது, பிரசாரத்தை முடியுங்கள் என்று போலீஸ்காரர் வந்து சொன்னதும் ஓட்டமும் நடையுமாகக் காரில் ஏறினார், அவளும் பின்னால் போய் அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். அஞ்சலாட்சி மகளைக் கூப்பிடவில்லை. கார் போகிறவரை பார்த்துவிட்டு, அவர் கழுத்திலிருந்து வாசலில் விழுந்து கிடந்த மாலையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அவர் ஜெயித்தார். ஏன் ஜெயிக்க மாட்டார், மூன்று மணிக்குமேல் முப்பத்தோரு பேரின் ஓட்டும் எப்படி விழ வேண்டுமோ அப்படி விழுந்தது, உயிரோடிருந்த நாங்களும் சூடத்தில் அடித்த சத்தியத்துக்குப் பயந்து குத்திவிட்டு வந்தோம், தூ. ஆனால் நிவேதா அவர் வீட்டு ஹாலில் நின்றாள். சாப்பிடும்போது எதிரில் நின்றாள், மாலை போட வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டார்கள், கோட்டைக்குப் போனால் கூடவே போனாள். அவர் என்னென்னவோ பதில் சொல்லிப் பார்த்தார், எதுவும் அவளுக்குப் பதிலாகப் படவில்லை. ஒரே வாரத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு டாக்டர் போட்டார், மருந்து வைக்கப் புது ஃபிரிட்ஜ் வந்தது, கிரில் கதவையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அவள் நகரவில்லை. டாக்டர் வேண்டும் என்று அவள் கேட்கவில்லையே.

போன வாரம் குணாளன் என் கடைக்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது. ‘போய் வருகிறேன்’ என்று ஒரே வரி போட்டு ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கச் சொன்னான். மேட்டரை அந்தப் பெண்ணின் அம்மா கொடுத்தால் அடிக்கிறேன் என்றேன். அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான், கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், காலெல்லாம் மண்.

“ஐயா ஒரு வாய் நிம்மதியா சாப்புட்டு ரெண்டு மாசம் ஆச்சும்மா. நீங்க என்ன கேட்டாலும் செய்யறேங்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் பாப்பா பேரையே வெச்சிடலாம்.”

“அவ கேட்டது ஒண்ணுதான்.”

“அதுக்குத்தான் பதில் சொல்லிச் சொல்லிப் பாக்கறாரும்மா.”

“எங்க சொன்னாரு? அன்னிக்கி அவுரு பேரனுக்குக் காது குத்து. டாக்டரு, நர்சு, வாட்ச்மேனு எல்லாரையும் பத்து மணிக்கே வண்டி உட்டுக் கூட்டிக்கினு போனாரு, ஆபீசருங்க வந்து பந்தியில குந்தினாதான் அவுருக்கு மரியாதன்னு. சாவிய இடுப்புல சொருவிக்கினு வாட்ச்மேன் எலையில குந்தியிருந்தான். அதான் பூட்டியிருந்துச்சி. இதச் சொல்றதுக்கு அரை நிமிசம் ஆவுமா?”

“அத எப்படிம்மா ஐயா தன் வாயால சொல்லுவாரு?”

“அப்ப அவ நிக்கட்டும்.” குணாளனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நான் சொன்னது நெசந்தானண்ணா? நீங்களும் அங்கதான இருந்தீங்க.”

நிஜம்தான். நான் மட்டுமா, ஊரிலிருந்த அத்தனை வண்டியிலும் ஏறி ஊரே அங்கேதான் போயிருந்தது. அந்தக் காதுகுத்துப் பத்திரிகையை அடித்தவன் நான்தான், முதல் பந்தியில் எனக்கு இடம் போட்டார்கள், வாட்ச்மேன் எனக்கு எதிர் வரிசையில் இருந்தான், குனியும்போதெல்லாம் அவன் இடுப்பில் அந்தச் சாவிக்கொத்து தெரிந்தது. பன்னிரண்டேகால் மணிக்கு என் போன் அடித்தது. அஞ்சலாட்சி என்று பெயர் வந்தது, அவளுக்கு எழுத்துத் தெரியாது, நிவேதாதான் என் பெயரைத் தேடி அழுத்தியிருக்க வேண்டும். ஆட்டுக்குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தார்கள், கையில் சோறாக இருந்தது, நான் எடுக்கவில்லை.